பிலிப்பைன்ஸில் நகர மன்ற உறுப்பினருக்கு "மூன்று முறைதான்" என்ற விதியில் ஏன் இத்தனை குழப்பம்?

பதவிக்கால வரம்பு என்றால், ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து எத்தனை முறை இருக்கலாம் என்ற கட்டுப்பாடு. பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்புப்படி நகர மன்ற உறுப்பினர் போன்ற உள்ளாட்சிப் பதவிகளின் காலம் 3 ஆண்டு. தொடர்ந்து 3 முறைக்கு மேல் கூடாது. தானாக ராஜினாமா செய்தாலும் தொடர்ச்சி அறுந்ததாகாது.

சரி, தானாக விலகாமல், வழக்கு காரணமாக இடைநீக்கம் செய்யப்பட்டால்? அதைச் சட்ட வாசகம் சொல்லவே இல்லை. குழப்பத்தின் வேர் இதுதான். லூசேனா நகர மன்ற உறுப்பினர் ஒருவர் தன் மூன்றாவது காலத்தில் 90 நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார். "இடையில் அறுந்துவிட்டது, அதனால் இது முழுக் கணக்கில் வராது" என்று 2007-இல் நான்காவது முறையும் நின்றார். 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இடைநீக்கத்தில் வேலைதான் நிற்கிறது, பதவி கையைவிட்டுப் போகவில்லை என்றது.

வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாதம் ஊருக்குப் போனாலும் ஒப்பந்தம் உங்கள் பெயரில்தானே இருக்கும்? அதே மாதிரிதான். எனக்கும் இந்தத் தீர்ப்பே நியாயமாகப் படுகிறது. இல்லையென்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு கிடைத்துவிடும்.

அப்புறம், மூன்று முறை முடிந்தால் ஆயுள் தடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஒரு பதவிக்காலம் விலகியிருந்துவிட்டு மறுபடியும் நிற்கலாம்.