ஒரே ஒரு வாடகை வீட்டுக்கு எல்.எல்.சி. தேவையா?

கேள்வி: நானும் கணவரும் கலிபோர்னியாவில், ஃபிரீமான்ட்டில் வசிக்கிறோம். டெக்சாஸில் ஆஸ்டின் அருகே, எங்கள் பெயரில் கடன் எடுத்து வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். தவணை, சொத்து வரி, காப்பீடு எல்லாம் போக மாதம் 150 டாலர் மிஞ்சுகிறது. “வயோமிங்கில் எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் நிறுவனம்) தொடங்கி வீட்டை அதன் பெயருக்கு மாற்றிவிடுங்கள், வரியும் மிச்சமாகும், வழக்குப் பயமும் இருக்காது” என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு ஆண்டு முழுவதும் மிஞ்சுவது 1,800 டாலர். அதில் ஏறத்தாழப் பாதியை இந்த நிறுவனமே விழுங்கிவிடும்.

வயோமிங்கில் பதிவுக்கு 100 டாலர், பிறகு ஆண்டுக்கு 60 டாலர்தான். நண்பர் சொல்லாமல் விட்டது கலிபோர்னியாவின் பங்கை. நிறுவனம் எந்த மாநிலத்தில் பிறந்தாலும், அதை நீங்கள் ஃபிரீமான்ட்டில் உட்கார்ந்து நடத்தினால் அது கலிபோர்னியாவில் தொழில் செய்வதாகவே அம்மாநிலத்தின் வரித் துறையான ஃபிரான்சைஸ் டாக்ஸ் போர்டு கருதுகிறது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் கட்ட வேண்டும். பத்தாண்டுகளில் 8,000 டாலர். தனிப் படிவம், கணக்காளர் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். நேரடியாக டெக்சாஸிலேயே தொடங்கினால் பதிவுக் கட்டணம் 300 டாலர். உங்கள் வாடகை அளவுக்கு அங்கே ஃபிரான்சைஸ் வரி (நிறுவனங்கள் மாநிலத்துக்குக் கட்டும் வரி) வராது, ஆண்டறிக்கை மட்டும் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதும் கலிபோர்னியாவின் 800 டாலர் உங்களை விடாது.

வருமான வரியில் மிச்சம் என்பது வெறும் நம்பிக்கை. ஒருவர் மட்டுமே உரிமையாளராக உள்ள எல்.எல்.சி.யை மத்திய அரசின் வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தனி ஆளாகப் பார்ப்பதே இல்லை. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் கணவன் மனைவி இருவரும் பொதுச்சொத்தாக வைத்திருக்கும் எல்.எல்.சி.யையும் அப்படியே கணக்குக் காட்டலாம். வாடகை இன்று போலவே உங்கள் சொந்த வரிக் கணக்கோடு இணைக்கும் ஷெட்யூல் இ படிவத்தில்தான் வரும். கட்டடத்தின் மதிப்பை 27.5 ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிக்கும் சலுகை உங்களுக்கு இப்போதே கிடைக்கிறது.

அடுத்தது கடன். உங்கள் அடமானப் பத்திரத்தை எடுத்து, சொத்தைக் கைமாற்றினால் முழுக் கடனையும் உடனே கேட்கலாம் என்ற விதியைத் தேடிப் பாருங்கள். 1982ஆம் ஆண்டின் கார்ன்–செயின்ட் ஜெர்மைன் சட்டம் சில மாற்றங்களுக்கு விலக்கு அளிக்கிறது, எல்.எல்.சி.க்கு மாற்றுவது அதில் இல்லை. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேன்னி மே நிறுவனம் 2016 ஜூன் 1 முதல் வாங்கிய கடன்களில், கடனாளியே கட்டுப்படுத்தும் எல்.எல்.சி.க்கு மாற்ற அனுமதி உண்டு. உங்கள் கடன் அந்த வகையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் பத்திரத்தில் கை வைக்காதீர்கள்.

எல்.எல்.சி.யின் உண்மையான பலன் ஒன்று உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். படிக்கட்டில் விழுந்த குடியிருப்பாளர் வழக்குப் போட்டு வென்றால், பொதுவாக நிறுவனத்தின் சொத்தோடு அது நிற்கும், உங்கள் ஃபிரீமான்ட் வீட்டையும் சேமிப்பையும் தொடாது. ஆனால் கைப்பிடி ஆடுகிறது என்று தெரிந்தும் நீங்களே அசட்டையாக இருந்திருந்தால், உங்கள் மேல் நேரடியாக வழக்கு வரலாம். நிறுவனம் தரும் அந்தப் பாதுகாப்புச் சுவரை உரிமையாளர்களே இடித்துக்கொள்வதும் உண்டு. என்னிடம் ஒருவர் கொண்டுவந்த நிறுவன வங்கி அறிக்கையில் வாடகை வரவுக்கு அடுத்த வரியில் மளிகைச் செலவு, அதற்கடுத்து மகனின் நீச்சல் வகுப்புக் கட்டணம். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு பக்கம் போதும்: “இது நிறுவனமே அல்ல, இவருடைய பணப்பைதான்” என்று வாதிடுவார்.

ஆகவே முதலில் காப்பீட்டு முகவரை அழையுங்கள். பாலிசி வீட்டு உரிமையாளர் குடியிருக்கும் வகையா, வாடகை வீட்டுக்கான வகையா? முதல் வகை என்றால் இன்றே மாற்றுங்கள், வேறொருவர் குடியிருக்கும் வீட்டுக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். பொறுப்புக் காப்பீட்டை உயர்த்தி, அதன் வரம்பு தீர்ந்த பிறகு கைகொடுக்கும் 10 லட்சம் டாலர் அம்ப்ரெல்லா பாலிசியும் எடுங்கள். பலருக்கு அது ஆண்டுக்குச் சில நூறு டாலரில் முடிந்துவிடுகிறது. வழக்கறிஞர் செலவையும் காப்பீட்டு நிறுவனமே பார்த்துக்கொள்ளும், எல்.எல்.சி. அதைச் செய்யாது. ஆஸ்டின் வீடு அந்த அம்ப்ரெல்லா பாலிசியில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்கும்போதோ, உறவினரோ நண்பரோ பங்கு சேரும்போதோ, கடன் அடைந்து வீட்டில் உங்கள் பங்கு பெரிதாகும்போதோ கணக்கு மாறும். அப்போது டெக்சாஸிலேயே ஒன்று தொடங்கலாம். காப்பீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் அன்றே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, தனி வங்கிக் கணக்கும் திறந்துவிடுங்கள்.