காகிதத்தில் அருமையாகத் தெரியும் புதிய இடைநிலைத் துவக்கு ரவையை (கைத்துப்பாக்கி ரவைக்கும் பழைய பெரிய ரைபிள் ரவைக்கும் நடுவிலானது) இராணுவங்கள் ஏன் எடுப்பதில்லை?

ரவை நல்லதோ கெட்டதோ என்பதை அவர்கள் கடைசியில்தான் பார்ப்பார்கள். எவருடைய தொழிற்சாலை ஓட வேண்டும், கிடங்கில் ஏற்கெனவே என்ன குவிந்து கிடக்கிறது என்பவைதான் முதலில் வரும்.

யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரருக்கு பெரிய ரவைக்கும் இடைநிலை ரவைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. 1987இல் இந்தியன் ஆமி இங்கே வந்தது எஸ்.எல்.ஆர் துவக்கோடு; 7.62×51 ரவை (முதல் எண் சன்னத்தின் விட்டம், அடுத்தது கோதின், அதாவது மருந்து அடைத்த உறையின் நீளம், மி.மீ. கணக்கில்), மகசினில் 20, ஒவ்வொன்றாகத்தான் சுடலாம். எதிரே இயக்கப் பொடியளிடம் (புலிகளிடம்) ஏ.கே. வகை; 7.62×39 ரவை, மகசினில் 30, தொடர்ந்தும் சுடலாம். ஒழுங்கைக்குள்ளும் பனங்காணிக்குள்ளும் நடக்கிற சண்டையில் எண்ணூறு மீற்றர் போகிற ரவையால் என்ன லாபம்? பாரத்தையும் பாருங்கள்: முன்னது ஒன்று ஏறத்தாழ 24 கிராம், பின்னது 16. நூறு ரவைக்கு முக்கால் கிலோவுக்கு மேல் வித்தியாசம். பிறகு இந்தியாவும் ஏ.கே. வாங்கியது.

இடைநிலை ரவை பிறந்ததே இந்தக் கணக்கில்தான். காலாட்படைச் சண்டை பெரும்பாலும் 300, 400 மீற்றருக்குள் முடிகிறது என்று கண்ட ஜேர்மானியர், தங்கள் ரைபிள் ரவையின் 57 மி.மீ. நீளக் கோதை 33 ஆகக் குறுக்கினார்கள். சோவியத் 1943இல் தன்னுடையதைத் தொடங்கியது.

உங்கள் கேள்விக்கு நேரான உதாரணம் பிரித்தானியாவின் .280. ஏழு மி.மீ. சன்னம், 43 மி.மீ. கோது, அதற்கென்றே செய்த ஈ.எம்-2 துவக்கு. 1951இல் தொழிற்கட்சி அரசு அதை ஏற்றும் விட்டது. அமெரிக்கர் அசையவில்லை, தங்கள் பழைய ரவையின் பலம் குறையக் கூடாது என்று நின்றார்கள். அதே வருடம் திரும்பி வந்த சேர்ச்சில், நேட்டோ கூட்டணி முழுக்க ஒரே ரவை வேண்டும் என்று .280ஐக் கைவிட்டார். 7.62×51 நேட்டோ ரவையானது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்குள் அமெரிக்கரே வியட்நாமில் சின்ன 5.56க்கு மாறினார்கள்! எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும் கதை இது.

இப்போது பாருங்கள், 2022இல் அமெரிக்கத் தரைப்படை 6.8×51ஐத் தெரிந்தெடுத்தது. கோதின் நீளம் பழையபடி 51. அதை இடைநிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதிதாக வந்து கொஞ்சமாவது காலூன்றியது .300 பிளாக்அவுட் என்ற ரவை. பறப்பு எல்லை குறைவுதான். ஆனால் 5.56 சுடும் எம்-16 வகைத் துவக்கில் குழலை மட்டும் மாற்றினால் போதும். மகசினும், ரவையைக் குழலுக்குள் பூட்டும் போல்ட்டும் அதேதான்.