டெர்மினல் நிறங்கள்: கேள்வி பதில்

இன்று மாலை டெர்மினல் நிறங்கள், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலின் நிறங்கள் பற்றி மட்டும் கேளுங்கள். லினக்ஸ்தான் என் பேட்டை, விண்டோஸ் ஓரளவு தெரியும். ஒரு வேண்டுகோள்: பேஷ்ஆர்சி கோப்பில் (கட்டளைகளை வாங்கி நடத்தும் பேஷ் நிரலின் அமைப்புக் கோப்பு) கை வைப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

உபுண்டுப் புதுசு: அண்ணா, அந்தக் கத்தரிப்பூ நிறப் பின்னணி பிடிக்கவில்லை. எப்படி மாற்றுவது?

க்னோம் டெர்மினல் என்றால் பிரிஃபரன்சஸ் போய், உங்கள் புரொஃபைலில் கலர்ஸ் பக்கத்தைத் திறங்கள். சிஸ்டம் தீம் நிறங்களைப் பயன்படுத்து என்று இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் மாற்ற முடியும். எனக்கென்னவோ அந்த நிறம் பிடிக்கும்.

கண்ணாடிக்காரர்: கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ் அடித்தால் கோப்புறைப் பெயர்கள் கறுப்பின் மேல் கருநீலமாக வருகின்றன. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிய வேண்டியிருக்கிறது.

நல்ல கேள்வி. எல்எஸ் நிரல் நீல நிறத்தை அனுப்புவதே இல்லை. எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, 01;34, கடைசியில் ஒரு சின்ன எம். அவ்வளவுதான் அனுப்புகிறது. 01 தடித்த எழுத்துக்கு. 34 என்றால் 'நான்காம் நிறம்', பூஜ்யத்திலிருந்து எண்ணினால். 30 முதல் 37 வரை எட்டு எண்கள், ஒவ்வொன்றும் ஒரு டப்பா மாதிரி. டப்பாவுக்குள் எந்தச் சாயத்தை ஊற்றுவது என்பது டெர்மினலின் வேலை.

எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினல் நான்காம் டப்பாவில் 0, 0, 238 ஊற்றுகிறது (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை). பழைய விண்டோஸ் கன்சோலில் 0, 0, 128. இதைப் படிக்க முடியவில்லை என்று புகார் குவிந்து, 2017-ல் மைக்ரோசாஃப்ட் அதை 0, 55, 218 ஆக்கியது. மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு சுமார் 7 சதவீதம்தான். பச்சைக்குச் சுமார் 72. அதனால் நீலத்தை மட்டும் 255 வரை ஏற்றினாலும் கறுப்பின் மேல் மங்கலாகவே கிடக்கும். கொஞ்சம் பச்சையும் சிவப்பும் கலக்க வேண்டும். நான் வைத்திருப்பது 95, 150, 240.

டெர்மினலின் நிறப் பட்டியலில் நான்காம் எண்ணை (பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் வரிசையில் ஐந்தாவது) மாற்றினால் எல்லா நிரல்களிலும் சரியாகிவிடும். எல்எஸ்ஸுக்கு மட்டும் தனி வைத்தியம் பார்க்காதீர்கள், நாளைக்கு கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) இதே நீலத்தோடு வந்து நிற்கும்.

பழைய கை: லினக்ஸின் வெறும் கன்சோலில் (ஜன்னல்கள் இல்லாத முழுத்திரை டெர்மினலில்) மஞ்சள் கேட்டால் பிரவுன் வருகிறதே?

ஆஹா, இதற்காகத்தான் காத்திருந்தேன். 1981-ல் ஐபிஎம் கொண்டுவந்த சிஜிஏ என்ற வண்ணத் திரை அட்டையில் சிவப்பு, பச்சை, நீலம், பளிச்சு என்று நான்கு கம்பிகள்தான். கணக்குப்படி மங்கல் மஞ்சள் 170, 170, 0. பார்க்கச் சகிக்காது, பித்தம் மாதிரி இருக்கும். அதனால் அந்த ஒரு நிறம் வரும்போது மட்டும் பச்சையைப் பாதியாக்க மானிட்டருக்குள்ளேயே ஒரு சுற்று வைத்தார்கள். 170, 85, 0: பிரவுன். அந்த மானிட்டர்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, பிரவுன் இன்னும் நம்மோடு இருக்கிறது.

தமிழ்ப்பித்தன்: டெர்மினலில் 'கொ' உடைந்து தெரிகிறது.

அது நிறம் இல்லை, எழுத்துரு. வேறொரு நாள்.

சூரியகாந்தி: சோலரைஸ்டு நிறத் திட்டம் போட்டதிலிருந்து இசட்-ஷெல் (பேஷுக்குப் பதில் நான் வைத்திருப்பது) காட்டும் பரிந்துரை எழுத்துகள் மாயமாகிவிட்டன.

மாயமாகவில்லை, பின்னணியின் நிறத்திலேயே எழுதப்படுகின்றன. ஈதன் ஷூனோவர் 2011-ல் வெளியிட்ட திட்டம் அது. 8 முதல் 15 வரை பளிச்சு நிறங்களுக்கான டப்பாக்கள், அவற்றில் பாதிக்கு மேல் சாம்பல் வகைகளை வைத்துவிட்டார். எட்டாம் எண்ணில் இருப்பது 0, 43, 54, அதுவேதான் கருந்திட்டத்தின் பின்னணி. பரிந்துரை நீட்சியோ எட்டாம் எண்ணைத்தான் கேட்கிறது. அதன் அமைப்பில் 8-ஐ 10 ஆக்குங்கள், சாம்பலில் தெரியும். இசட்-ஷெல்லின் அமைப்புக் கோப்பான இசட்எஸ்எச்ஆர்சி ஆனாலும் முதலில் நகல்.

நீலவானம்: கோப்புறைப் பெயர் நீலமாக...

கண்ணாடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சர்வர்காரன்: ப்ராம்ப்டுக்கு (கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் வரும் எழுத்துகளுக்கு) நிறம் கொடுத்த பிறகு, நீளமான கட்டளை அடித்தால் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தலையில் ஏறி உட்காருகிறது.

நிறக் குறியீடுகள் திரையில் இடம் பிடிப்பதில்லை. பேஷுக்கு அது தெரியாது, அவற்றையும் எழுத்துகளாக எண்ணிவிடுகிறது, கணக்கு தப்புகிறது. ப்ராம்ப்டை வரையறுக்கும் பிஎஸ்1-ல் ஒவ்வொரு நிறக் குறியீட்டையும் \[ என்று தொடங்கி \] என்று மூடுங்கள்.

நீங்கள் சர்வர்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். நான் ஒருமுறை சோதனை இயந்திரம் என்று நினைத்து உண்மையான சர்வரில் ஒரு கோப்புறையை அழித்தேன். இரண்டு ஜன்னல், இரண்டிலும் ஒரே பச்சை ப்ராம்ப்ட். அன்றிலிருந்து உண்மையான சர்வர் எதுவானாலும் ப்ராம்ப்டுக்குப் பின்னணி 41, சிவப்பு.

இருட்டுப்பிரியன்: வெள்ளைப் பின்னணி வைப்பவர்களை என்ன செய்யலாம் சார்? அசல் டெர்மினல் என்றால் கறுப்புதானே?

1978-ல் வந்த விடி100 டெர்மினலிலேயே வெள்ளைப் பின்னணிக்கு மாற்றும் வசதி இருந்தது.

வெள்ளைச்சாமி: அப்படிச் சொல்லுங்கள்! கறுப்பெல்லாம் சினிமாவில் ஹேக்கர் பார்த்து வந்த ஆசை.

இருட்டுப்பிரியன்: ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் வெள்ளைத் திரை முகத்தில் டார்ச் அடிக்குமே, அப்போது?

கண்ணாடிக்காரர்: எனக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கரைந்து தெரிகிறது. வயசா?

வயசு இல்லாமலும் வரும். வெளிச்சமான திரையைப் பார்க்கும்போது கண்மணி சுருங்கும், எழுத்து கூர்மையாகும். இருண்ட திரையில் அது விரியும். சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்கு அப்போது எழுத்தின் ஓரம் கசியும். பகலில், வெளிச்சமான அறையில் வெள்ளையை முயன்று பாருங்கள். இரவில், விளக்கணைத்த அறையில் இருட்டுப்பிரியன் சொல்வதுதான் சரி. நான் இரண்டையும் வைத்து மாற்றிக்கொள்கிறேன்.

வெள்ளைச்சாமி: இரண்டு படகில் கால்!

ஆமாம், இரண்டு புரொஃபைல். செலவு ஒன்றுமில்லை. சரி, அடுத்தவர்.

குப்பைக்கூடை: எல்எஸ் வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் பெயருக்கு முன்னால் 01;34 என்று குப்பை வருகிறது.

நிறத்தை 'ஆல்வேஸ்' என்று வைத்திருக்கிறீர்கள். 'ஆட்டோ' ஆக்குங்கள்.

கடலோரம்: சார், கோப்புறை நீலத்தில்...

நான்காம் டப்பா. நான்காம் டப்பா. நான்காம் டப்பா.

உபுண்டுப் புதுசு: அண்ணா, சர்வர்காரருக்குச் சொன்னதைப் பார்த்து பேஷ்ஆர்சியில் ஏதோ மாற்றினேன். இப்போது டெர்மினல் திறந்தால் பிழைச் செய்தி மட்டும் வருகிறது, ப்ராம்ப்டே இல்லை.

நகல்?

உபுண்டுப் புதுசு: எடுக்கவில்லை.

பரவாயில்லை தம்பி. உபுண்டுவில் ஈடிசி என்ற அமைப்புக் கோப்புறைக்குள் ஸ்கெல் என்று ஒரு கோப்புறை உண்டு. கணக்கு உருவாக்கியபோது உங்களுக்குக் கிடைத்த அதே பேஷ்ஆர்சி அங்கே இருக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் கோப்பு மேலாளரில் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால்தான் கண்ணில் படும். அதை வீட்டுக் கோப்புறையில் ஒட்டிவிட்டு டெர்மினலை மூடித் திறங்கள். கெட்டுப்போனதை அழிக்காமல் வேறு பெயரில் வையுங்கள், எந்த அடைப்பை மூட மறந்தீர்கள் என்று நாளைக்குப் பார்ப்போம்.