டாட்டூ அழிக்கப் பணம் கட்டும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: டாட்டூ அழிக்கும் க்ரீம் ஆன்லைனில் வாங்கினேன். ஒரு டியூப் முடிந்தும் மை அப்படியே இருக்கிறது, தோல்தான் எரிகிறது. இன்னொரு டியூப் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மை நிற்பது மேல்தோலில் இல்லை, அதற்குக் கீழே உள்தோலில். தடவுகிற க்ரீம் அங்கே எட்டாது. எட்டுகிற அளவுக்கு வீரியமான அமிலம் கலந்திருந்தால் தோலும் சேர்ந்து வெந்து தழும்பாகிவிடும். வீட்டில் தடவி டாட்டூ அழிக்கும் க்ரீம் எதற்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்ததில்லை. முழங்கைத் தழும்பு மறையும் என்று நம்பி நானும் ஒரு க்ரீம் வாங்கித் தடவியிருக்கிறேன். அட்டையின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் வாக்குறுதி. பின்பக்கம் பொடி எழுத்தில் 'பலன் நபருக்கு நபர் மாறும்'. தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பொடி எழுத்தை முதலில் படியுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் புது வேலை. வாரம் ஒரு லேசர் சிட்டிங் போட்டால் டாட்டூ அதற்குள் போய்விடுமா?

பதில்: போகாது. புண்தான் மிஞ்சும்.

கேள்வி: '6 சிட்டிங்கில் சுத்தமாகப் போய்விடும், கியாரண்டி' என்று ஓர் அழகு நிலையத்தில் முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஆறும் முடிந்தது. கறுப்பு மங்கியது, பச்சையும் நீலமும் போகவில்லை. 'உங்க தோல் அப்படி' என்கிறார்கள்.

பதில்: உங்கள் தோல் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இந்த பேக்கேஜ் வியாபாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. லேசர் செய்வதெல்லாம் மையைப் பொடிப்பொடியாக உடைப்பதுதான். உடைந்த துகளை அள்ளிக்கொண்டு போக வேண்டியது உடம்பின் வெள்ளை அணுக்களும் நிணநீரும். அதற்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான் இரண்டு சிட்டிங்குக்கு நடுவே 6 முதல் 8 வாரம் விடுகிறார்கள். மை எவ்வளவு ஆழம், என்ன நிறம், ஒன்றின் மேல் இன்னொன்று குத்தியிருக்கிறதா, நீங்கள் புகைபிடிப்பவரா, எல்லாமே கணக்கில் வரும். கணுக்காலில் இருப்பது கழுத்தில் இருப்பதைவிட மெதுவாகத்தான் போகும். இவ்வளவு இருக்க, முதல் நாளே எண்ணிக்கை சொல்லி கியாரண்டி தர யாராலும் முடியாது.

இன்னொன்று. கறுப்புக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 694 அல்லது 755 வேண்டும். அந்த லேசர் அங்கே இருந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரம், ரசீது, முன்னும் பின்னும் எடுத்த படங்களை வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் புகார்தான். 'சலுகையில் இன்னும் 4 சிட்டிங்' என்று இழுப்பார்கள். பைசா தராதீர்கள்.

கேள்வி: மாநிறம். இரண்டாவது சிட்டிங்குக்கு அப்புறம் கொப்புளம் வந்து ஆறியது. இப்போது அந்த இடம் வெளுத்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: கொப்புளமும் வீக்கமும் வரக்கூடியவைதான், குத்தி உடைக்காமல் விட்டால் ஆறிவிடும். வெளுப்புதான் கவனிக்க வேண்டியது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் லேசரை உறிஞ்சும். அதனால் மாநிறத்துக்கும் கறுத்த தோலுக்கும் 1064 நானோமீட்டர் லேசர்தான் பாதுகாப்பானது, அதையும் அளவாக வைக்க வேண்டும். பெரும்பாலும் சில மாதங்களில் நிறம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் கையெழுத்து வாங்கியிருந்தால் அது ஏமாற்றுதான். அடுத்த சிட்டிங்கை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், வெயில் படாமல் மூடி வையுங்கள்.

கேள்வி: லேசர் பேனா ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. புருவத்தில் போட்ட டாட்டூவை நானே அழித்துக்கொள்ளலாமா? பாதுகாப்புக் கண்ணாடி அவசியமா?

பதில்: கண்ணுக்கு விரற்கடை தூரத்தில் லேசரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி அவசியமா என்று கேட்கிறீர்கள்! அந்தப் பேனாவை வாங்கவே வாங்காதீர்கள். விழித்திரை வெந்தால் பார்வை திரும்பாது. புருவ மையில் இரும்பு ஆக்சைடோ டைட்டானியம் டையாக்சைடோ இருந்தால் லேசர் பட்டதும் கறுத்துப்போகவும் கூடும். மருத்துவரேகூட ஒரு புள்ளியில் சோதித்துவிட்டுத்தான் மேலே தொடுவார்.

கேள்வி: சிவப்பு மை உள்ள இடம் மட்டும் தடித்து அரிக்கிறது. லேசர் போட்டால் சரியாகுமா?

பதில்: அது அந்த மைக்கு வந்த ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படியிருந்தால் லேசர் உடைக்கும் துகள் உடம்பெங்கும் பரவி ஒவ்வாமை முற்றக்கூடும். பணம் கட்டியிருந்தாலும் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். சின்ன டாட்டூ என்றால் வெட்டி எடுத்துத் தைப்பதும் ஒரு வழி. கோடாக ஒரு தழும்பு நிற்கும்.