ஸ்டோர்ஸில் ஒரே வால்வுக்கு மூன்று பெயர்: சாஃப்ட்வேர் வாங்கினால் தீருமா?

திருப்பூரில் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பராமரிப்பைப் பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "என்ஆர்வி, செக் வால்வு, நான் ரிட்டர்ன் வால்வு என்று ஒரே சாமான் எங்கள் பட்டியலில் மூன்று கோடில் (பொருள் எண்ணில்) கிடக்கிறது. 'ஆன்டாலஜி' சாஃப்ட்வேர் போட்டால் எல்லாம் தானாக இணைந்துவிடும் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். ஆன்டாலஜி என்பது எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, எதோடு சேர்ந்து செய்கிறது என்று எழுதிவைத்த உறவுப் பட்டியல். அந்த வேலையை யாரும் எழுதவில்லை என்றால் சாஃப்ட்வேர் பெயரைப் பார்த்து யூகிக்கத்தான் செய்யும்.

பெயரைப் பெயரோடு முடிச்சுப் போடாதீர்கள், வேலையோடு போடுங்கள். ஐஇசி 81346 என்ற சர்வதேசத் தரநிலை, செய்யும் வேலையை வைத்து ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்துக் குறி தருகிறது. ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு 'க்யூ', திரும்பி வராமல் தடுப்பது 'ஆர்', அழுத்தம் மிஞ்சினால் காப்பாற்றும் சேஃப்டி வால்வு 'எஃப்'. கடையில் மூன்றும் வால்வுதான். உங்கள் மூன்று பெயர்களும் 'ஆர்' கீழே வரும். அளவு, உலோகம், பிரஷர் ரேட்டிங் ஒத்துப்போனால் மட்டும் ஒரே கோடாக்குங்கள். (இந்தத் தரநிலையைக்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பல நிறுவனங்கள் ஸ்டோர்ஸ் கணக்குக்கு வைத்திருக்கும் எஸ்ஏபி சாஃப்ட்வேரோ பொருளின் விவரத்துக்கு 40 எழுத்துதான் தருகிறது. அதற்குள் எவன் என்னத்தை எழுதுவான்?)

ஃபுட் வால்வில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். அதுவும் தண்ணீரைத் திரும்ப விடாது, அதனால் என்ஆர்வியோடு ஒரே கோடில் சேர்த்துவிடுவார்கள். ஆனால் அது உறிஞ்சு குழாயின் அடியில், தொட்டிக்குள் நிற்கும் சாமான். பம்ப் பிரைமிங் (உறிஞ்சத் தொடங்க உள்ளே நிறைந்திருக்க வேண்டிய தண்ணீர்) இழக்காமல் குழாயில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், சல்லடையால் குப்பையையும் தடுக்கும். அதன் இடத்தில் வெறும் என்ஆர்வியைப் போட்டால் குப்பை நேரே பம்புக்குள் போகும். வேலை பாதி ஒத்தால் 'நெருக்கம்' என்று குறியுங்கள், 'ஒன்றே' என்று அல்ல.

நீக்கிய டூப்ளிகேட் எண்ணிக்கைக்குக் கூலி கேட்கும் கன்சல்டன்டிடம் ஜாக்கிரதை. எண்ணிக்கை ஏற ஃபுட் வால்வையும் என்ஆர்வியையும் கூசாமல் ஒன்றாக்குவார். சிலர் தங்கள் சொந்தக் கோடு முறையைத் திணிப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு புது சாமானுக்கும் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். பட்டியல் முழுவதையும் எக்ஸெல்லில் எடுத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் ஒரே ஒரு பம்ப் ஹவுஸை எடுங்கள். ஃபிட்டரை உட்காரவைத்து, ஒவ்வொரு சாமானும் நின்றுபோனால் என்ன நடக்கும் என்று கேட்டு எழுதுங்கள். அந்தச் சாமானின் வேலை என்ன என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.