நிலமும் நீங்களும்: கொடைக்கானலில் பத்து சென்ட், ஒரு மர வீடு

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கொடைக்கானல் வில்பட்டி பக்கம் சரிவில் பத்து சென்ட் இடமும், அதில் இரண்டு அறை மர வீடும் விலைக்கு வருகிறது. லீவுக்குப் பேரப்பிள்ளைகளோடு போய்த் தங்க ஆசை. பட்டா இருக்கிறது, மர வீடு என்பதால் பிளான் அப்ரூவல் தேவையில்லை என்கிறார் புரோக்கர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: இப்போது கொடுக்காதீர்கள் அம்மா. வராந்தாவில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பீர்கள். மலையில் இடம் விற்கிறவர்கள் முதலில் காட்டுவதே அதைத்தான், அதுவும் மேகம் விலகுகிற நேரமாகப் பார்த்து. நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து, மலைத் தாலுகாக்களில் அலைந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த வராந்தாவுக்கு எந்த வழியாக ஏறிப் போனீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

மலையில் என்னிடம் வந்த சண்டைகளில் பெரும்பாலானவை பாதைச் சண்டைதான். மேலே இருக்கிற தோட்டக்காரர் நல்ல மனிதராக இருப்பார், "மாமூலாப் போற பாதைதானே, போங்க" என்பார். அவர் விற்றுவிட்டுப் போவார். வாங்கியவர் முதல் வேலையாகக் கேட் போட்டுப் பூட்டுவார். அதற்கப்புறம் உங்கள் வீட்டுக்கு நீங்கள் ஹெலிகாப்டரில்தான் இறங்க வேண்டும். ஆகவே புலப்படத்தை, அதாவது அந்த இடத்தின் அரசு அளவை வரைபடத்தை வாங்கி, பாதை எதில் வருகிறது என்று பாருங்கள். தனிப் புல எண்ணில் (சர்வே நம்பரில்) அரசுப் பாதையாக வந்தால் நிம்மதி. அடுத்தவர் பட்டாவுக்குள் வந்தால், அந்தப் பட்டாதாரர் பாதை உரிமையை இத்தனை அடி அகலம் என்று எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். உங்களுக்கு விற்கிறவர் தன் கிரயப் பத்திரத்தில் 'பாதை பாத்தியம் சகிதம்' என்று சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. தன்னிடம் இல்லாததை அவர் எப்படிக் கொடுப்பார்? இருபது வருடம் தடையில்லாமல் நடந்த பாதைக்கு உரிமை கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது, உண்மைதான். அதை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு நடக்கிற வேலை உங்கள் வயதில் வேண்டாம்.

அடுத்து அளவு. புரோக்கர் டேப்பைப் புல்மேல் படுக்கப் போட்டு, மேலிருந்து கீழாக 100 அடி, குறுக்கே 43½ அடி என்று காட்டியிருந்தால் கணக்கு பத்து சென்ட் வந்திருக்கும். ஆனால் புலப்படத்தில் இருப்பது சரிவின் நீளமல்ல, சமதளத் தூரம். 30 டிகிரி சரிவில் 100 அடி டேப், படத்தில் 87 அடிகூட வராது. அதாவது உங்கள் பத்து சென்ட் ரிக்கார்டில் எட்டரை சென்ட் சொச்சம். சரிவில் நாங்கள் அளக்கும்போது டேப்பை மட்டமாக இழுத்துப் பிடித்து, நுனியில் குண்டுநூல் விட்டு, படிப்படியாகத்தான் இறங்குவோம். வேகமாக அளந்து முடித்தவரை நம்பாதீர்கள். லைசென்ஸ் உள்ள சர்வேயர் ஒருவரை உங்கள் செலவில் கூட்டிப் போய் அளந்து, கல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பட்டா பலர் பேரில் உள்ள கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா, உங்கள் பங்கு தனி எண்ணாக உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

மர வீட்டுக்கு அப்ரூவல் வேண்டாம் என்பது புரோக்கர்கள் கிளப்பிவிட்ட கதை. மரமோ, தகரமோ, கண்டெய்னர் பெட்டியோ, ஆள் தங்க ஒன்றை நிறுத்தினால் அது கட்டடம்தான். கொடைக்கானல் மலைக் கிராமங்கள் 1990-லிருந்து 'ஹாகா' என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகளுக்குள் வருகின்றன. அந்த அனுமதிக்கு வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று பல பேரின் தடையின்மைச் சான்று வேண்டும். பத்திரம் பதிவானதாலேயே கட்டியது சரி என்று ஆகிவிடாது. பதிவு அலுவலகத்துக்கும் கட்டட அனுமதிக்கும் சம்பந்தமில்லை. அனுமதி இல்லாத கட்டடங்களுக்கு ஐகோர்ட் உத்தரவின் பேரில் கொடைக்கானலில் வரிசையாகச் சீல் வைத்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அனுமதி நகலை விற்கிறவர் கையில் கொடுக்கட்டும். "அப்ளை பண்ணியிருக்கு" என்றால் கிடைத்ததும் பேசிக்கொள்ளலாம்.

பட்டா என்றால் எல்லாம் பட்டா அல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதிய கிராமக் கணக்கைப் பார்த்து வகைப்பாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, விற்கக் கட்டுப்பாடு போட்டு அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டாவா, தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டதா? இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மலை இறங்கிவிடுங்கள். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குக் குறையாமல் போடுங்கள். பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பட்ஜெட் போடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கோடை சீசனில் எல்லா இடமும் அழகுதான். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டித் தடுப்புச் சுவர் எழுப்பியிருப்பார்கள். தண்ணீர் வடிய அதில் குழாய்த் துளை விட்டிருக்கிறதா? துளை வழியாகத் தண்ணீர் வருகிறதா, கலங்கலாக மண்ணும் சேர்ந்து வருகிறதா? சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? மேலே உள்ள மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா? 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சரிவுக்கு ஊர் வித்தியாசம் கிடையாது. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் அக்கம்பக்கம் விசாரியுங்கள். மலையில் நினைத்த இடத்தில் போர் போட விடமாட்டார்கள். ஊற்றோ ஓடையோ பக்கத்தில் இல்லையென்றால் பங்குனி, சித்திரையில் டேங்கர் லாரிதான். லாரி வர, மறுபடி அந்தப் பாதைதான்.

கேள்வி: எங்கள் இடத்தில் யூகலிப்டஸ் மரங்கள் பள்ளத்தாக்கை மறைக்கின்றன. நம் பட்டா நிலம்தானே, வெட்டலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அனுமதியில்லாமல் கை வைக்காதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்றே 1955-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, பட்டா நிலமும் அதற்குள்தான் வரும். காய்ந்த மரம், வீட்டின்மேல் விழப்போகிற மரம் என்றால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கலாம். காட்சி மறைக்கிறது என்ற காரணத்தை மனுவில் எழுதாமல் இருப்பது உத்தமம். வேரோடு பிடுங்கி, சரிவு இளகி வீடே இறங்கினால் பார்க்கக் காட்சி நிறைய இருக்கும்.

கேள்வி: நாங்கள் போகாத நாட்களில் வீட்டை ஆன்லைனில் வாடகைக்கு விட்டு, பேங்க் தவணையைக் கட்டிவிடலாம் என்கிறான் மகன். சரிவருமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: குடியிருக்க என்று அனுமதி வாங்கிய வீட்டில் காட்டேஜ் நடத்தினால் அது விதிமீறல், விருந்தினர் தங்கும் இல்லமாகத் தனியே பதிவும் உரிமமும் வேண்டும். அதோடு 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும்; அடுத்த வருடக் கோடையில் வண்டி எண்ணிக்கைக்கே கோர்ட் வரம்பு கட்டியது. சீசன் வருமானத்தை நம்பித் தவணைக் கணக்குப் போடாதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள் ஒருவருக்கு மாதச் சம்பளம், மழைக்கு முன் கூரைப் பராமரிப்பு, காட்டுமாடு சாய்த்துவிட்டுப் போன வேலியைத் திரும்ப நட்ட கூலி, இவற்றைச் செலவுப் பக்கம் எழுதிவிட்டு மகனோடு மறுபடி உட்காருங்கள். சம்பளத்திலிருந்தே தவணை கட்ட முடியும் என்றால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள்.