கேட்டு வரையச் சொன்ன ஓவியம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓவியர். குன்னூரில் தேயிலைத் தூள் விற்கும் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் வரையாடு, கருமந்தி, குறிஞ்சி, சோலைக்காடு என்று எட்டு வாட்டர்கலர் ஓவியங்களைப் பாக்கெட் லேபிளுக்காக வரைந்து கொடுத்தேன். பணம் ஜிபேயில் வந்துவிட்டது. வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொண்டதைத் தவிர எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது அதே படங்கள் காலண்டரிலும் பீங்கான் கப்புகளிலும் அச்சாகிச் சீசன் கடைகளில் விற்கின்றன. ஒரு தங்கும் விடுதிக்காக இந்தியன் இங்க்கில் வரைந்து கொடுத்த நடைப்பயண வரைபடமும் இப்போது வேறு விடுதிகளில் மாட்டப்பட்டிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் நான் போட்ட படங்களோ என் கையெழுத்து வெட்டப்பட்டுப் பலர் கையில் சுற்றுகின்றன. வரைந்தவர் யாரென்று தெரியாத படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? எல்லாப் படங்களையும் பதிவு செய்துவிட வேண்டுமா?

பதில்: நீங்கள் சொன்னவற்றுள் உங்கள் பிடி தளர்ந்திருப்பது தேயிலை லேபிள் படங்களில்தான் என்பதால் முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. நம் ஓவியர்களில் பெரும்பாலோர் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதன் கீழேயே விதிவிலக்குகள் இருக்கின்றன. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணமோ வேறு மதிப்புள்ள பிரதிபலனோ பெற்றுக்கொண்டு எடுக்கப்பட்ட புகைப்படம், தீட்டப்பட்ட ஓவியம், வரையப்பட்ட உருவப்படம், செதுக்கு அச்சு, திரைப்படம் ஆகியவற்றுக்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்கிறது உட்பிரிவு (ஆ). உங்கள் எட்டுப் படங்களும் தூரிகையால் தீட்டிய ஓவியங்கள். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையப்பட்டவை. ஆகவே அவர் காலண்டர் போட்டதைத் திருட்டு என்று இப்போதைக்கு அழைக்காதீர்கள். அவருடைய வழக்கறிஞர் முதலில் எடுத்துக்காட்டப் போவது இந்த உட்பிரிவைத்தான்.

ஆனால் அதே உட்பிரிவின் பட்டியலைச் சற்று நிதானமாகப் படித்தால், கோட்டோவியம் அதில் இல்லை என்பது தெரியும். கலைப்படைப்பு என்றால் என்ன என்று வரையறுக்கும் 2(இ) பிரிவு, தீட்டிய ஓவியத்தையும் கோட்டோவியத்தையும் தனித்தனியாகச் சொல்லி, வரைபடம், விளக்கப்படம், திட்டப்படம் ஆகியவற்றைக் கோட்டோவியத்தோடு சேர்க்கிறது. ஓரிடத்தில் இரண்டையும் பிரித்துச் சொன்ன சட்டம் இன்னோரிடத்தில் ஒன்றை மட்டும் சொன்னால், மற்றதை விட்டது தெரிந்தே என்று வாதிட நல்ல இடமுண்டு. எனவே உங்கள் நடைப்பயண வரைபடம், விடுதிக்காரர் பணம் கொடுத்திருந்தாலும், உங்களுடையது என்பதே என் கருத்து. அந்த விடுதி அதைப் பயன்படுத்துவதை எதிர்ப்பது நியாயமாகாது. மற்ற விடுதிகளுக்கு அதை எடுத்துக் கொடுக்கும் உரிமைதான் அதற்கு இல்லை. டேப்லெட்டில் வரையும் படம் தீட்டிய ஓவியமா, கோட்டோவியமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் சொற்களில் நேரான விடை கிடையாது. அப்படி வரைபவர்கள் அதை ஒப்பந்தத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

வரைபடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடநாடு காட்சிமுனைக்குப் போகும் பாதைக்கோ கேத்தரின் அருவிக்கோ யாரும் உரிமை கொண்டாட முடியாது. கருத்துக்கு உரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. இன்னொரு விடுதி அதே பாதைகளைத் தன் ஓவியரை வைத்துப் புதிதாக வரைந்திருந்தால் உங்களால் தடுக்க முடியாது. உங்கள் கோடுகளும், ஓரத்தில் நீங்கள் போட்ட மரங்களும், எழுத்தின் வடிவமும் அப்படியே இருந்தால் அது நகல்.

இனி, தேயிலைப் படங்களுக்குத் திரும்புவோம். "மாறான உடன்பாடு" எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று 17-ஆம் பிரிவு சொல்லவில்லை. அங்கேதான் உங்கள் வாட்ஸ்ஆப் உரையாடல் உதவக்கூடும். "லேபிளுக்கு மட்டும்" என்ற ஒரு வரி, லேபிளுக்கென்று தனியாகச் சொன்ன விலை, வேறு எதற்கும் போடுவதானால் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டது, அவர் அதற்குச் சரி என்றது ஆகிய எதுவும் பயன்படும். அந்த உரையாடலை முழுமையாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். அது நடந்த போனையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். மேலும், எட்டில் எதையாவது அவர் கேட்பதற்கு முன்பே நீங்களாக வரைந்து வைத்திருந்து பின்னால் கொடுத்தீர்கள் என்றால், அது அவர் கேட்டு வரைந்ததாகாது. அந்தப் படத்தின் உரிமை உங்களிடமே இருக்கிறது. தேதியிட்ட ஸ்கெட்ச் புத்தகம் இருந்தால் தேடி எடுங்கள்.

உரிமை அவருடையது என்றே முடிவானாலும் உங்கள் பெயர் உங்களை விட்டுப் போகாது. 57-ஆம் பிரிவு, பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், படைத்தவர் என்று உரிமை கோரவும், தம் மதிப்பு குலையும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் இடம் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசு பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்திய வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது இந்தப் பிரிவின் பலத்தில்தான். ஆகவே கப்பில் உங்கள் பெயரைப் போடச் சொல்லலாம். கப் விற்ற பணத்தில் பங்கு கேட்க இந்தப் பிரிவு போதாது.

எனவே இந்த எட்டுப் படங்களுக்கு நான் சொல்வது நோட்டீஸ் அல்ல, பேச்சுவார்த்தை. சின்ன ஊரில் நல்ல வாடிக்கையாளரை இழப்பதை விட, அவரிடம் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்குவது மேல். அவரிடம் உரிமை இருக்கலாம் என்பதால், "எங்களுக்கு உள்ள உரிமைகள் அனைத்தையும் ஓவியருக்கு மாற்றித் தருகிறோம், லேபிள், காலண்டர், கப் ஆகியவற்றில் பயன்படுத்த எங்களுக்கு அவர் இத்தனை ஆண்டுகளுக்கு உரிமம் தருகிறார், ஒவ்வொரு பதிப்புக்கும் இவ்வளவு தொகை" என்ற பொருளில் அது அமைய வேண்டும். இங்கே 19-ஆம் பிரிவை மறந்துவிட்டால் கடிதம் வீணாகும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பவையும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும். மாற்றி வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். நீங்கள் உரிமையைக் கொடுக்கும்போது இந்த இயல்புநிலை விதிகள் உங்களுக்குச் சாதகம். திரும்ப வாங்கும்போது அவையே எதிராக நிற்கும். ஆகவே "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், ஓராண்டு விதி பொருந்தாது" என்று வெளிப்படையாக எழுதி வாங்குங்கள். அந்தக் காலம் உங்கள் ஆயுளும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் ஆகும்.

இனி வரும் வேலைகளுக்கு, முன்பணம் வாங்கும் முன்பே "இந்த ஓவியத்தின் முதல் உரிமையாளர் ஓவியரே" என்ற ஒரு வரியை அனுப்பி, வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பெற்றுவிடுங்கள். இதுவரை சொன்ன சிக்கலில் பாதி அந்த ஒரு வரியால் வராமலே போயிருக்கும்.

பெயரில்லாத படங்களைப் பற்றி நண்பர்கள் சொன்னது அரைகுறைச் செய்தி. அமெரிக்காவில் 2008-இல் ஒரு மசோதா வந்தது. உரியவரை நியாயமான முயற்சியோடு தேடியும் கிடைக்காத படைப்பைப் பயன்படுத்தியவர் மீது கோரக்கூடிய நிவாரணத்தை அது சுருக்கப் பார்த்தது. இணையத்தில் பெயர் எளிதில் உதிர்ந்துவிடும் படங்களையே அது அதிகம் பாதிக்கும் என்று ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். செனட்டில் நிறைவேறிய அந்த மசோதா சட்டமாகவில்லை. பிரிட்டனில் 2014 முதல் இத்தகைய படைப்புகளுக்கு அரசு அலுவலகமே உரிமம் வழங்குகிறது. நம் சட்டத்திலும் இத்தகைய படைப்புகளுக்கு உரிமம் பெற 31-அ பிரிவு வழி வைத்திருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் அது வெளியான படைப்புகளையும் தொடுகிறது. ஆனால் அந்த வழியில் போகிறவர் ஆங்கில நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, உரிய மன்றத்தில் விண்ணப்பித்து, உரியவர் எப்போது வந்து கேட்டாலும் பெற்றுக்கொள்ளும்படி ராயல்டியைச் செலுத்திய பிறகே உரிமம் பெற முடியும். அதுவும் இந்தியாவில் பொதுமக்களுக்குக் கிடைக்காமல் இருக்கும் படைப்புக்குத்தான். இன்ஸ்டாகிராமில் எல்லோரும் பார்க்கும் படத்துக்கு இந்த வழியே பொருந்தாது. பெயர் தெரியாததால் இலவசம் என்ற விதி நம் சட்டத்தில் எங்கும் இல்லை.

மாறாக, கையெழுத்தை வெட்டியவர் மீது வேறொரு பிரிவு பாய்கிறது. படைப்பாளியின் பெயர் முதலிய உரிமைத் தகவலைத் தெரிந்தே, அனுமதியின்றி நீக்குவது 65-ஆ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். நடைமுறையில் இதைவிட உங்களுக்கு அதிகம் பயன்படுவது 55(2) பிரிவு. ஓவியம் உருவானபோதே அதில் இருந்த பெயர் யாருடையதோ அவரே படைத்தவர் என்று, மறுப்பவர் மெய்ப்பிக்கும் வரை, நீதிமன்றம் அனுமானிக்கும். எனவே கையெழுத்தை ஸ்கேன் செய்த பிறகு கணினியில் ஒட்டாமல் தாளிலேயே போடுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள்; வரையாட்டின் காலடிப் பாறையிலோ புல்லிலோ படத்தோடு படமாகப் போட்டால் வெட்டுவது கடினம். அசல் தாளைச் சட்டமிட்டு விற்பதானால், விற்கும் முன் நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தாளை வாங்கியவருக்கு அதை அச்சிடும் உரிமை சேராது என்பதையும் ரசீதில் எழுதுங்கள்.

பதிவு கட்டாயமில்லை, வரைந்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவேட்டுப் பதிவு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக, அதாவது மறுப்பவர் பொய்யென்று காட்டும் வரை ஏற்கப்படும் சான்றாக, நிற்கும் என்பதே அதன் பயன். பதிப்புரிமை விதிகள் 2013-இன்படி கலைப்படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். பொருள்கள் மீது பயன்படக்கூடியதானால் 2,000 ரூபாயும், அதே போன்ற வணிகச் சின்னம் இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். பணத்தை எல்லாப் படங்களுக்கும் இறைக்க வேண்டியதில்லை. விற்பனைக்குப் போகும் படங்களையும் இந்த வரைபடத்தையும் மட்டும் பதிவு செய்யுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சட்டத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு உண்மையான இடம் அதுதான் என்பதால் சொல்கிறேன். மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஏஐ நிறுவனங்கள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரு கட்டாய உரிமத்தின் கீழ் படைப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தி, ராயல்டியைப் பொது அமைப்பு ஒன்றின் வழியே செலுத்தலாம் என்று முன்மொழிகிறது. மறுத்து விலகும் உரிமை அதில் படைப்பாளிக்கு இல்லை. பணம் வரும் என்பதற்காக, வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கைவிடுவது சரியான பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, இப்போதே செய்யக்கூடியவை. இன்ஸ்டாகிராமில் உள்ள நகல்களுக்கு அந்தத் தளத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதே 2013 விதிகளில் 75-ஆம் விதி, தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு பெற்றுத் தராவிட்டால் படம் மீண்டும் ஏறக்கூடும். வரைபடத்தை மாட்டியிருக்கும் விடுதிகளுக்கு, அசலின் நகலை இணைத்து, எடுத்துவிடவோ உரிமத் தொகை செலுத்தவோ கேட்டு ஒரு கடிதம் போதும். பெரும்பாலானவர்கள் யாருடையது என்று தெரியாமலே மாட்டியிருப்பார்கள். அதற்கும் அசையாதவர் மீது வழக்குத் தொடர நீங்கள் வெளியூர் போக வேண்டாம். படைப்பாளி வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம் என்று 62-ஆம் பிரிவு சொல்வதால் உதகமண்டலமே போதும். கோரும் தொகை 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், அவசரத் தடை கேட்காத நிலையில், வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். வழக்கறிஞரைப் பார்க்கும்போது அசல் தாள், ஸ்கெட்ச் புத்தகம், ஜிபே ரசீது, வாட்ஸ்ஆப் உரையாடல், விடுதிச் சுவரில் மாட்டியிருப்பதைத் தேதியோடு எடுத்த போட்டோ ஆகிய ஐந்தையும் எடுத்துச் செல்லுங்கள்.